எடைக்கு எடை உப்பு

தென்காசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்த மாடக்கண்ணு, இன்சூரன்ஸ் ஆபீஸின் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்யாவிட்டால் முழங்கால் ரெண்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவுக்கு அனுமதி தரவேண்டிய அதிகாரி ரகோத்தமனோ ஃபைலைத் திறக்கவே இல்லை.

"அஞ்சு வருஷமா நீ குண்டுதான்னு அத்தாட்சி வேணும். வருஷா வருஷம் எடை பார்த்த சீட்டு இருக்கா?"

இருக்காது என்ற தைரியத்தில்தான் கேட்டார். மாடக்கண்ணு மஞ்சள் பையிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து ரசீதுகளை எடுத்து வைத்தார். எல்லாம் ஊர் அம்மன் கோயிலில் எடைக்கு எடை உப்பு வைத்துத் துலாபாரம் கொடுத்த ரசீது. நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் தொடங்கி நூற்று முப்பத்தொன்றில் வந்து நின்றது.

"கோயில் தராசை எப்படிய்யா நம்புறது? கூட்டிப் போட்டிருந்தா?"

"கிலோவுக்குக் கிலோ உப்பை நான்தானே சார் சுமக்கணும்? இந்த முழங்காலை வச்சுக்கிட்டு எவனாவது கூட்டிப் போடச் சொல்லுவானா?"

ரகோத்தமன் ரசீதுகளை ஓரமாக ஒதுக்கினார். "சரி, எடையைக் குறைக்க நீ முயற்சி பண்ணினதுக்கு ஆதாரம்? அதுவும் அஞ்சு வருஷத்துக்கு வேணும்."

"அதே ரசீதுதான் சார். கீழே வேண்டுதல்னு போட்டிருக்கு, வாசிங்க."

ஐந்திலும் ஒரே வரி இருந்தது: 'உடம்பு உப்பாகக் கரைய.'

"ஆத்தாளே அஞ்சு வருஷம் பார்த்துட்டுக் கைவிட்ட கேஸு சார்," என்றார் மாடக்கண்ணு. "இதுக்கு மேல எந்தப் பெரிய டாக்டர்கிட்டப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லுதீக?"

ரகோத்தமன் ஃபைலைப் பிரித்து, கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தார்.