குமிழி நின்ற பிறகு

"அந்த வெளிநாட்டுப் பூவுலதான் ஏதோ கோளாறு, டோர்கஸம்மா. இல்லன்னா புட்டி ஏன் வெடிக்கணும்?"

அருளப்பன் வாசலிலேயே நின்று கேட்டார்.

தங்கவயலில் வீட்டிலேயே பேல் ஏல் பீர் காய்ச்சத் தெரிந்தவர்கள் எல்லாரும் டோர்கஸிடம் கற்றவர்கள். அவளுக்கு நாற்பது வயது. அருளப்பன் அவளைவிட இருபது வயது மூத்தவர். சுரங்கத்தில் லிஃப்ட் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளிடம் கடைசியாகச் சேர்ந்த மாணவர்.

மகள் செலினின் கல்யாணத்துக்காக அவர் காய்ச்சிய பீர் அது. அலமாரியிலிருந்து செலின் எடுத்த புட்டி அவள் கையிலேயே வெடித்தது. வலது கண் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார்கள். பிறகு வரவில்லை.

டோர்கஸ் எழுந்து ஒரு டப்பாவைத் திறந்தாள். பீரில் போடுவதற்காகச் செக் நாட்டிலிருந்து வரும் சாட்ஸ் என்ற ஹாப்ஸ் பூ. ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மெல்லுங்க."

மென்றார். முகம் சுருங்கியது.

"கசக்குது."

"அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அப்போ எது? நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன். பார்லிச் சாறு கொதி வந்ததும் ஒரு பிடி பூ, இறக்குறப்ப ஒரு பிடி. ஆறவெச்சு ஈஸ்ட் போட்டேன். வாளி மூடியில குமிழி விட்டுக்கிட்டே இருந்துச்சு. நின்னதும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில அடைச்சேன்."

"சர்க்கரை அளக்குற மிதவை போட்டுப் பார்த்தீங்களா?"

"குமிழியே நின்னுடுச்சே. அப்புறம் எதுக்கு?"

"உங்க சுரங்கத்துல மணி அடிச்சா நிக்கிற இன்ஜின்னு நெனச்சுட்டீங்க."

மற்ற நாளாக இருந்தால் இந்தக் கிண்டலுக்குச் சிரித்திருப்பார்.

டோர்கஸ் மூலையில் இருந்த வாளியைக் காட்டினாள்.

"இது முடிஞ்சுடுச்சா, சொல்லுங்க."

அவர் குனிந்து மூடியில் காதை வைத்தார்.

"சத்தமே இல்ல. முடிஞ்சுடுச்சு."

அவள் குழாயைத் திறந்து உயரமான கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்தாள். அதில் மிதவையைப் போட்டாள். அது பாதியிலேயே நின்றது.

"சர்க்கரை தீர்ந்திருந்தா மிதவை இன்னும் கீழ போயிருக்கும். தீரல. குளிருக்கு ஈஸ்ட் முடங்கிக் கிடக்கு. வெயில் பட்டா எழுந்து மிச்சச் சர்க்கரையைத் தின்னு காத்து விடும். அப்போ அது வெளியே போக வழி இருக்கணும்."

"மூடி போட்டுட்டா?"

அவள் மிதவையை வெளியே எடுத்துத் துடைத்தாள்.

அருளப்பன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவர்ல அந்தப் பூ வாசம் இன்னும் போகலம்மா. எத்தனையோ தடவை கழுவிட்டேன்."

"செலின் எப்படி இருக்கா?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அதுல கர்த்தர் என்னைக் கைவிடல. ஆஸ்பத்திரியில அவ போட்ட கூச்சல் இருக்கே! 'எல்லாம் உன்னாலதான்பா'ன்னு அவ கத்துனதுல வார்டே திரும்பிப் பார்த்துச்சு. வீட்டுக்கு வந்ததும் கண்டிப்பா சொல்லிட்டேன், இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சே வரக் கூடாதுன்னு. அதோட அடங்கிட்டா."

"அழறாளா?"

"ஒரு சொட்டு இல்ல. நேத்து கல்யாணப் புடவையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கொடுத்துட்டா. காலையில எனக்குக் காபி போட்டுக் கொடுத்தா. 'நீ போயிட்டு வாப்பா, மெதுவா வா'ன்னு அவளேதான் அனுப்பிவெச்சா."

டோர்கஸ் அவரையே பார்த்தாள்.

"வீட்ல கூட யாரு?"

"யாரும் இல்ல. அதான் அடங்கிட்டாளே..."

அவர் பார்வை மூலையில் சத்தமில்லாமல் இருந்த வாளிமேல் போய் நின்றது.

அருளப்பன் எழுந்தார். ஸ்டூல் சாய்ந்தது. செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

கதவை மூடாமலே டோர்கஸும் பின்னால் ஓடினாள்.