ஆவுடையப்பன் குருவிக்கு வீடு கட்டிய கதை

பங்குனி வெயிலில் பொத்தைக்குளம் ஊரே ஃபேனுக்கு அடியில் படுத்திருக்க, ஆவுடையப்பன் மட்டும் பனையோலை விசிறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் கரண்டு இருந்தது. ஃபேனும் இருந்தது. ஆனால் ஃபேனுக்கு மேலே இருக்கும் கிண்ணத்தில் ஒரு குருவி வைக்கோல் கொண்டுவந்து சேர்க்க ஆரம்பித்திருந்தது.

"ஸ்விட்சுல கை வச்சீங்கன்னா பாத்துக்கிடுங்க," என்றாள் மனைவி கோமதி. "முதல்ல அதுக்கு வேற வீடு செஞ்சு குடுங்க. அது அங்க போகட்டும். அதுக்கப்புறம் ஃபேனைப் போடலாம்."

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. முதுகு முழுக்க வேர்க்குரு. சுத்தியலை அவர் அதுவரை தேங்காய் உடைக்கத்தான் எடுத்திருக்கிறார். சண்முகவேல் ஆசாரியிடம் யோசனை கேட்க ஓடினார். அவரை விட்டு ஒருநாளும் பிரியாத சிநேகிதர்கள் உலகநாதனும் சொரிமுத்துவும் எதற்கு என்று கேட்காமலே கூட ஓடினார்கள். ஆசாரி வெளியூர் கிளம்பி, பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"சின்ன விசயம்தாம்வே," என்றார் ஆசாரி. "நாலு பக்கமும் பலகை, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. வாசல் எலுமிச்சம்பழம் நுழையுத அளவு போதும், பெருசா வச்சா காக்கா வந்துரும். ஆணி முனை உள்ள நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, குருவியக் குத்திரும். நிழல்ல வைங்க. வச்சபெறகு யாரும் கிட்ட போகாதீங்க."

பஸ் போய்விட்டது. மூவரும் இதை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே வந்து ஆவுடையப்பன் வீட்டு வேப்பமரத்தடியில் கூடினார்கள். முதல் ஆணியைக் கையில் எடுத்ததுமே சிக்கல் வந்துவிட்டது.

"முனை உள்ள நீட்டுதா இல்லையான்னு வெளிய நிக்கவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் உலகநாதன்.

"தெரியாது. உள்ள ஒரு ஆள் இருந்து பாத்துச் சொல்லணும்," என்றார் சொரிமுத்து.

"குருவி வீட்டுக்குள்ள ஆள் எப்படிவே இருப்பான்?"

"ஆள் இருக்க மாதிரிக் கட்டினா இருப்பான்."

இதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை. அவ்வளவு பெரிய வீட்டுக்குப் பலகை வேண்டுமே என்று சொரிமுத்து தன் வீட்டுக் கதவையே கழற்றிக் கொண்டுவந்தார். உலகநாதன் கட்டிலைப் பிரித்தார்.

உள்ளே இருக்கப்போவது யார் என்று கொஞ்சநேரம் விவாதம் நடந்தது. குருவி யார் வீட்டுக் குருவி என்று சொரிமுத்து கேட்டதும் அது முடிந்துபோனது. ஆவுடையப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார, அவரைச் சுற்றிப் பலகை எழும்பியது. ஆணி அடிக்க அடிக்க உள்ளிருந்து "யாத்தே!" என்று அலறல் வரும். உடனே அந்த ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பார்கள். அலறல் வராத ஆணியே நல்ல ஆணி என்று முடிவானது. கடைசியில் மேல் பலகையையும் கெட்டியாக அடித்து, தச்சுவேலை தங்களுக்குக் கைவந்துவிட்டதை நினைத்து இருவரும் மெய்சிலிர்த்தார்கள்.

அடுத்தது நிழல். பெட்டியை நிழலில் வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போய் மறுபடி நிழலில் வைத்தார்கள். அது மறுபடி நகர்ந்தது.

"என்னவே இந்தக் கனம் கனக்கு?" என்று மூச்சு வாங்கினார் உலகநாதன்.

"நல்ல மரம்வே. கனக்கத்தான் செய்யும்."

பொழுது சாய்ந்து ஊர் முழுக்க நிழலான பிறகுதான் பெட்டியைத் தரையில் இறக்க முடிந்தது. இறக்கியதும் ஆசாரி சொன்னபடி இருவரும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். எலுமிச்சம்பழ ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது.

"நான் வெளிய வரணும்லாவே?" என்றது மூக்கு.

"வாசல் இருக்குலா, வாரும்."

"மூக்குதாம்வே வருது!"

"வாசலைப் பெருசாக்கினா காக்கா வந்துரும்லா."

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. கிட்ட வராதீர்கள், குருவி மிரண்டுவிடும் என்று அவரே எச்சரிக்கையும் செய்துவிட்டு மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்நேரம் கோமதி வேகமாக வந்தாள். "நீங்க போட்ட சத்தத்துல குருவி மத்தியானமே வைக்கோலையும் போட்டுட்டுப் பறந்துட்டு. எங்க அவுக?"

இருவரும் பெட்டியைக் காட்டினார்கள். கோமதி தலையில் அடித்துக்கொண்டு, கடப்பாரை இரவல் வாங்கத் தெருக்கோடிக்கு ஓடினாள்.

"குருவி போயிட்டுன்னா இனி ஃபேனைப் போடலாம்லா?" என்று உலகநாதன் மெதுவாகக் கேட்டார்.

பெட்டி குலுங்கியது. "ஓடிப் போயிப் போடும்வே! காலையிலேருந்து உள்ள அவிஞ்சு போயிக் கிடக்கேன்!"

உலகநாதன் வீட்டுக்குள் பாய்ந்து ஸ்விட்சைத் தட்டினார். ஆளில்லாத கூடத்தில் ஃபேன் வைக்கோலை வாரி இறைத்துக்கொண்டு சுற்றியது. சொரிமுத்து வீட்டு வாசலில் நின்று, பெட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"காத்து வருதாவே?"

ஓட்டையில் மூக்கு மறுபடி எட்டிப் பார்த்து மோந்தது.

"வருத மாதிரிதான் இருக்கு," என்றார் ஆவுடையப்பன். "எதுக்கும் இன்னும் ரெண்டு பாயிண்டு கூட்டி வைக்கச் சொல்லும்."