அணிலம்மா சொன்ன பொய்யும் கூழைக்கடாவின் பையும்

மலையாற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டால் போதும், காட்டு விலங்குகளுக்குக் கால் தரையில் பாவாது. நீர்நாய்கள் பெரிய மூங்கில் தெப்பம் கட்டும். குடும்பம் குடும்பமாக ஏறிக்கொண்டு, ஏழு நாள் மிதந்து, ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்துவிட்டு வரும்.

தெப்பத்தின் நடுவில் குட்டிகளுக்கென்றே நாணல் வேலி போட்ட ஒரு பட்டி உண்டு. குட்டிகளை அங்கே விட்டுவிட்டால் பெரியவர்கள் பழம் தின்னலாம், மயிலாட்டம் பார்க்கலாம். குட்டிகளைக் கவனித்துக்கொள்வது கனகு என்கிற கூழைக்கடா. தங்கமான மனசு. ஆனால் அலகோ முழ நீளம்! அதற்குக் கீழே தொளதொளவென்று தொங்குகிற தோல் பை!

அந்த வருஷம் வடிவு என்கிற அணிலம்மா தன் ஒரே மகள் மின்னியோடு தெப்பம் ஏறினாள். வடிவுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். இலை விழுந்தாலே பருந்து வந்துவிட்டதென்று பதறுவாள். மின்னியோ ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத வாலு. சுற்றிலும் தண்ணீர். இவளை எப்படிக் கண்ணை விட்டு அனுப்புவது?

பட்டி வாசலில் கீரியம்மா மங்கை தன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதுதான் கனகு அக்கா. இது அவங்க மீன் பிடிக்கிற பை, தொட்டுப் பாரு! அலகை மூணு தரம் தட்டினாங்கன்னா, ஓடிப்போய் றெக்கைக்கு அடியில ஒண்டிக்கணும். வெயில் தாழ்ந்ததும் அம்மா வந்திடுவேன்."

"வடிவு, நீயும் மின்னியைக் கூட்டிட்டு வந்து பழக்கிவிடேன்" என்றாள் மங்கை.

"என் பிள்ளையைப் பத்தி எனக்குத் தெரியாதா? இதெல்லாம் கொஞ்சினா அடங்காது. பயம் காட்டினாத்தான் அடங்கும்!" என்றாள் வடிவு.

மகளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "அந்தக் கூழைக்கடாவுக்கு வாய்க்குக் கீழே பை எதுக்குத் தெரியுமா? வேலிகிட்ட போற குட்டி, ஓடி ஆடுற குட்டி, எல்லாத்தையும் லபக்குனு போட்டுக்கத்தான்! மூலையில உக்காரு. வாயைத் திறக்காதே!"

மின்னியின் வால் மயிர் குத்திட்டு நின்றது. "அம்மா, என்னை விட்டுட்டுப் போகாதேம்மா!"

"அழுதாலும் பைதான்!"

பெற்ற வாய் பேசுகிற பேச்சா இது! வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசிவிட்டு வடிவு கிளம்பிவிட்டாள்.

இரண்டு நாள் மின்னி பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி மூலையில் கிடந்தாள். "பாத்தியா மங்கை, என் வளர்ப்பை!" என்று வடிவு பீற்றிக்கொண்டாள். மகள் கடலையைக்கூடக் கடிக்கவில்லை. மத்தியானத் தூக்கத்தில் "பை! பை!" என்று அலறி எழுந்தாள். வடிவு அதைப் பார்க்காமல் இல்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் உச்சி வேளை. ஆறு இரண்டு குன்றுகளுக்கு நடுவே குறுகியது. தண்ணீரின் சத்தம் மாறியது.

"பாறை! எல்லாரும் பிடிச்சுக்கங்க!" என்று நீர்நாய்கள் கத்தின. மடேரென்று தெப்பம் மோதிச் சாய்ந்தது.

வடிவு விழுந்தடித்துக்கொண்டு பட்டிக்கு ஓடினாள். கனகு அலகை மூன்று தரம் தட்டினாள். கீரிக்குட்டி, முயல்குட்டி எல்லாம் சிட்டாய்ப் பறந்து றெக்கைக்குள் புகுந்தன. மின்னி மட்டும் மூலையிலேயே நின்றாள்.

"வா கண்ணு, சீக்கிரம் வா!" என்று கனகு வாயைத் திறந்தாள்.

"ஐயோ, பை!" என்று வீறிட்ட மின்னி வேலி இடுக்கில் நுழைந்து வெளியே ஓடினாள். தெப்பத்தின் விளிம்பில் ஒரு மூங்கில் குழாய் வாய் பிளந்து கிடந்தது. சரேலென்று அதற்குள் புகுந்துகொண்டாள். அடுத்த மோதலில் அந்த மூங்கில் கட்டவிழ்ந்து ஆற்றோடு போனது.

"மின்னீ!" என்று வடிவு அலறினாள்.

கீழே கொஞ்ச தூரத்தில் பெரிய சுழி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நீர்நாய்களோ தெப்பத்தைக் கட்டியிருந்த கொடிகளைப் பல்லால் இறுக்கிப் பிடித்திருந்தன. விட்டால் மொத்தக் கூட்டமும் போய்விடும். குட்டிகளை, அங்கே ஓடிவந்த மங்கையிடம் விட்டுவிட்டுக் கனகு பறந்தாள். பறந்த வேகத்தில் வெறும் வாயோடு திரும்பினாள்.

"என்னைப் பாத்தாலே உள்ளே உள்ளே போறா. அலகு எட்டலை. எதுக்கு இப்படி மிரள்றா வடிவு?"

தெப்பமே வடிவைப் பார்த்தது. "நான்தான் அக்கா... உங்களைக் காட்டி மிரட்டிட்டேன். பிள்ளைங்களைப் பையில போட்டுக்குவீங்கன்னு சொல்லிட்டேன்" என்று அழுதாள்.

கனகுவின் முகம் வாடிப்போனது. ஆனாலும் திட்ட நேரமில்லை. "அப்படின்னா நீயே வந்து கூப்பிடு. ஏறு பையில!" என்று வாயைத் திறந்தாள்.

வடிவு எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு, மீன் கவிச்சை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

கனகு சுழிக்குப் பக்கத்தில், மூங்கிலை ஒட்டி நீரில் இறங்கினாள். பைக்குள்ளிருந்து வடிவு தலையை நீட்டினாள். "மின்னி, அம்மாடி!"

குழாய்க்குள்ளிருந்து ஓலம் கேட்டது. "ஐயோ, அம்மாவையும் முழுங்கிடுச்சே!"

"முழுங்கலைடி! நான் சொன்னது பொய்! சுத்தப் பொய்! அக்கா நல்லவங்க, வந்திடு!"

"அன்னிக்கும் நீதானே சொன்னே? இது மட்டும் நெசமா?"

மூங்கில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வடிவு பையிலிருந்து தாவி, வழுக்குகிற மூங்கில் நுனியில் நின்றாள். ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது.

"பாரு, வெளியே வந்தேன்! பாரு, திரும்பி உள்ளே போறேன்! அக்கா வாயை மூடவே இல்லை, பாரு!"

சொன்னபடியே பைக்குள் குதித்தாள். பிறகு குழாய்க்குள்ளிருந்து நனைந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. மின்னி கண்ணை இறுக மூடிக்கொண்டு பைக்குள் தாவினாள். கனகு மேலே எழும்பினாள். மூங்கில் விருட்டென்று சுழிக்குள் போய் மறைந்தது.

தெப்பம் பாறையிலிருந்து விடுபட்டது. மறுநாளே மின்னி கனகுவின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடினாள். மற்றக் குட்டிகளோடு சிரித்தாள்.

சாயங்காலம் இடி இடித்தது. வடிவு மகளை அணைத்துக்கொண்டு, "பயப்படாதேடா, ஒண்ணும் ஆகாது" என்றாள். மின்னி நிமிர்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி, "கனகு அக்கா, அம்மா சொல்றது நெசமா?" என்று கேட்டாள்.

நம்பி ஒப்படைக்கிறவரையே பூச்சாண்டியாகக் காட்டிப் பிள்ளையை மிரட்டினால், ஆபத்து நேரத்தில் அது அவரிடமும் போகாது, மிரட்டியவர் சொல்லையும் நம்பாது.