ஆன்ட்டிவைரஸ் ஓடின மத்தியானமும் வெள்ளத்துரை அண்ணாச்சி பிளக்ஸும்

பொய் சொல்லுததுன்னு முடிவு பண்ணிட்டா கோமதிநாயகம் அண்ணன் மாதிரி சொல்லணும். முகத்துல சிரிப்பு வராது, குரல்ல பிசிறு இருக்காது. சங்கரன்கோவில்ல இருக்கிற என் பிளக்ஸ் கடைக்கு கம்ப்யூட்டர் சரி பண்ண வாரது அவருதான். வேற ஆளுங்களையும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். அவங்க பொய்யும் சொல்ல மாட்டாங்க, சரியும் பண்ண மாட்டாங்க.

அன்னைக்கு மத்தியானம் வெள்ளத்துரை அண்ணாச்சி கடையில உக்காந்திருந்தாரு. அவரு தங்கச்சி மகளுக்குச் சடங்கு. நாலு மணிக்குத் தாய்மாமன் சீர் ஊர்வலம் கெளம்பணும். வாசல்ல மினிலாரி நிறைய தாம்பாளம், ரெண்டு கிடா, மேளக்காரங்க, எல்லாம் ரெடி. அண்ணாச்சி மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிற பிளக்ஸ் மட்டுந்தான் பாக்கி. அது முன்னால போகாம ஒரு அடி நகர மாட்டேன்னுட்டாரு. காரணம் இருக்கு. "வெள்ளத்துரை என்னத்தக் கொண்டாந்துரப் போறான்"னு தங்கச்சி வீட்டுக்காரரோட அண்ணன் தம்பிமாரு நாலு பேரும் ஊரெல்லாம் பேசிட்டாங்களாம்.

சிஸ்டமோ அசைய மாட்டேங்குது. மவுஸை நகட்டினா அம்புக்குறி யோசிச்சு யோசிச்சு வருது. என்னன்னு பாத்தா ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் ஓடுது. கம்ப்யூட்டரோட மொத்த சக்தியையும் அதுவே தின்னுட்டு, டிசைனைத் திறக்கவே விடலை. உடனே கோமதி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வந்தவரு சிபியு மேல கையை வச்சுப் பாத்துட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு சாவகாசமா உக்காந்தாரு.

"இதெல்லாம் ஒரு சூடா தங்கச்சி? புளியங்குடியில ஒரு எலுமிச்சங்கா கமிஷன் கடை சிஸ்டத்தைப் பாத்திருக்கணும் நீ."

"தம்பி, இது எப்ப சரியாகும்?"னாரு அண்ணாச்சி.

"ஆகும் அண்ணாச்சி. அந்தப் புளியங்குடி சிஸ்டத்துல ஆன்ட்டிவைரஸ் ஓடின ஓட்டத்துக்கு, உள்ள இருக்கிற ஃபேன் சுத்தின சுத்து இருக்கே! எதிர்ச் செவுத்துல தினசரி காலண்டர். அப்ப சித்திரை மாசம். அடிச்ச காத்துல தாளு ஒவ்வொண்ணா பிஞ்சு பறக்குது. வைகாசி போச்சு, ஆடி போச்சு, நான் ஓடிப்போய்ப் பிடிக்கதுக்குள்ள ஐப்பசி வந்துட்டு. மூட்டை தூக்குதவங்க எட்டிப் பாத்துட்டு, 'மொதலாளி, நாளைக்குத் தீபாவளி, போனஸ் எங்க'ன்னு வந்து நிக்காங்க."

"குடுத்தாராக்கும்?"னாரு அண்ணாச்சி.

"காலண்டர்லயே போட்டிருக்கு, குடுக்காம எப்படி? வேட்டி துண்டோட குடுத்தாரு."

"அண்ணே, மொதல்ல ஸ்கேனை நிறுத்துங்க"ன்னேன் நான்.

"பாதியில நிறுத்தினா அதுக்குக் கோவம் வந்துரும் தங்கச்சி. சூடு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க."

"நான் கேக்கலையே வே"ன்னாரு அண்ணாச்சி.

"அந்தத் தெருவுல இஸ்திரி போடுதவரு கரி வாங்குததையே விட்டுட்டாரு. பெட்டியைக் கொண்டாந்து சிபியு மேல வச்சு எடுத்துட்டுப் போவாரு. சரி, வெக்கை போகட்டும்னு ஜன்னலைத் திறந்து விட்டேன். அதுல வந்துச்சு வினை. காத்து நேரா கயத்தாறுக்குப் போயிட்டு. அங்க நிக்கிற காத்தாலை அத்தனையும் எதிர்ப்பக்கமா சுத்துது. அப்ப கரண்டு என்ன பண்ணும்? வந்த வழியே திரும்பும்லா? கோவில்பட்டி வரைக்கும் எல்லார் வீட்டு மீட்டரும் பின்னால ஓடுது. ஒரு வீட்டுல கிரைண்டர் எதிர்ப்பக்கமா சுத்தி, ஆட்டின மாவு திரும்ப அரிசியாவே வந்துட்டு. அரிசி தனியா, உளுந்து தனியா."

"அதெப்படி வே தனித்தனியா வரும்?"

"ஊறப் போட்டது தனித்தனியாத்தான அண்ணாச்சி?"

மேளக்காரங்க மேளத்தை எறக்கி வச்சுட்டு உள்ள வந்து நின்னுட்டாங்க. வெளிய மேகம் வேற கூடிக்கிட்டு வந்துச்சு.

அப்பப் பாத்து அண்ணாச்சிக்கு போன். தங்கச்சி. "அண்ணே, எங்க இருக்க? இங்க எல்லாரும் சிரிக்காங்க"ன்னு அந்தப் பொண்ணு அழுத குரல் எனக்கே கேட்டுச்சு.

"வந்துக்கிட்டே இருக்கேம்மா"ன்னு வச்சவரு முகம் செத்துப் போச்சு. "தம்பி, ஒரே தங்கச்சி. அவ தலை குனிஞ்சு நிக்கக் கூடாது. இதைச் சரி பண்ணித் தொலையேன்"னாரு. எனக்கே பாவமாப் போச்சு.

கோமதி அண்ணன் கீபோர்டுல ரெண்டு தட்டு தட்டினாரு. கை வேலை செஞ்சாலும் வாய் சும்மா இருக்கணுமே.

"இதாவது பரவால்ல அண்ணாச்சி, ஃபைலை மட்டுந்தான் சந்தேகப்படுது. புளியங்குடி ஆன்ட்டிவைரஸு ஃபைல் எல்லாம் தீந்ததும் ஆளுங்களை ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சிட்டு. கல்யாணத் தரகர் ஒருத்தர் மாப்பிள்ளை போட்டோ பிரிண்டு எடுக்க வந்தாரு. 'இது ஆபத்தானது, திறக்க வேண்டாம்'னு சொல்லிட்டு. விசாரிச்சா அந்த ஆளுக்கு ஏற்கனவே குடும்பம் இருக்கு! கடைசியில மொதலாளியவே சந்தேகப்பட்டு, தனி ரூம்புல தள்ளிப் பூட்டிட்டு. அவரு வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், 'வெளிய விடவாம்மா?'ன்னு. 'ரெண்டு நாளு கழிச்சு விடுங்க'ன்னாங்க."

மேளக்காரங்க விழுந்து விழுந்து சிரிக்காங்க. அண்ணாச்சி மட்டும் சிரிக்கலை. "இந்தப் புளுகையெல்லாம் வேற எவன்கிட்டயாவது போய்ச் சொல்லு வே! வெள்ளத்துரைகிட்ட நடக்காது"ன்னு எந்திரிச்சுட்டாரு.

மறுபடி போன். இந்தத் தடவை தங்கச்சிக்குப் பின்னால நாலு ஆம்பளைக் குரல் சிரிக்கிறது கேட்டுச்சு. "பிளக்ஸாவது அடிச்சானா உங்க அண்ணன்?"

அண்ணாச்சி மீசை துடிச்சுது. ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாரு, கோமதி அண்ணனைப் பாத்தாரு.

"பிளக்ஸ் எப்பவோ கெளம்பிட்டும்மா"ன்னாரு. "கொஞ்சம் பெருசா அடிச்சிட்டேன். முன்பக்கம் உங்க தெருவுக்கு வந்திருக்கும், பின்பக்கம் இன்னும் கடையில மெஷின்லருந்து எறங்கிக்கிட்டு இருக்கு. தெருமுக்குல திருப்பத்தான் நேரமாகுது. என்னது, கண்ணுல படலையா? நிமிந்து பாரு. இருட்டிக்கிட்டு வருதா இல்லையா? ஆங்... அது என் மீசையோட நிழல்தாம்மா."

அந்தப் பக்கம் சிரிப்பு சட்டுனு நின்னுட்டு.

கோமதி அண்ணன் ஸ்டூலை விட்டு எந்திரிச்சுட்டாரு. இத்தனை வருசத்துல அடுத்தவங்க பொய்க்கு அவரு எந்திரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். "அண்ணாச்சி, எதுக்கும் ஒரு அளவு வேணாமா?"ன்னாரு.

"நீ வேலையைப் பாரு!"

கோமதி அண்ணன் குனிஞ்சு பாத்தாரு. எங்க சிஸ்டத்துல ஒண்ணு இல்லை, ரெண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்துச்சு. இது அதைத் திருடன்னு பிடிக்க, அது இதைத் திருடன்னு பிடிக்க, காலையிலருந்து ரெண்டுக்கும் சண்டை.

"போன தடவை 'ஒண்ணு போதாது'ன்னு ரெண்டாவதைப் போட்டது நீங்கதானண்ணே?"ன்னேன்.

"அது என்னை மாதிரியே இருந்த வேற ஆளு"ன்னாரு. ரெண்டுல ஒண்ணை எடுத்தாரு. இன்னொண்ணோட ஸ்கேனை, ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போற நேரத்துக்கு மாத்தி வச்சாரு. சிஸ்டத்தை அணைச்சுப் போட்டதும் அம்புக்குறி துள்ளிக்கிட்டு ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல மெஷின்லருந்து அண்ணாச்சி மீசை எறங்குச்சு.

எல்லாரும் கை தட்டினோம். அண்ணாச்சிதான் பிளக்ஸைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. பத்தடிக்கு எட்டடி. மினிலாரிக்கே ஒரு பக்கந்தான் மறைஞ்சுது.

"தம்பி"ன்னாரு, கோமதி அண்ணன் காதுகிட்ட போயி, மெதுவா. "தெரு நீளத்துக்கு இருக்குன்னு சொல்லிட்டேனே. இதைக் கொண்டுபோய் இறக்கினா அந்த நாலு பயலுவளும் என்ன சொல்லுவானுவ?"

கோமதி அண்ணன் வானத்தைப் பாத்தாரு. ஒரு சொட்டு விழுந்துச்சு, அப்பறம் சடசடன்னு பிடிச்சுக்கிட்டு.

"வழியில மழையில நனைஞ்சு சுருங்கிட்டுன்னு சொல்லுங்க"ன்னாரு.

"பிளக்ஸ் நனைஞ்சா சுருங்குமா வே?"

"மாவு அரிசியாகும்போது இதுக்கு என்ன?"

மேளம் அடிச்சுக்கிட்டு கெளம்பிட்டாங்க. மறுநாள் காலையில நல்ல வெயில். கடைக்கு ஒரு போன் வந்துச்சு. பிளக்ஸ் அடியில போட்டிருந்த நம்பரைப் பாத்துக் கூப்பிட்டிருக்கு, அண்ணாச்சி தங்கச்சி.

"அக்கா, ஒரு சந்தேகம். எங்க அண்ணன் பிளக்ஸ் நனைஞ்சு சுருங்கிட்டாம்லா? வெயில்ல காய வச்சா பழையபடி விரியுமா? எங்க வீட்டுக்காரரோட அண்ணன் தம்பிமாரு நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு, விடிஞ்சதுலருந்து மொட்டை மாடியில நிக்காங்க."

"விரியும்மா"ன்னேன். "நல்லா இழுத்துப் பிடிக்கச் சொல்லு."