சுமையை இறக்கிய பாக்டீரியா

பரஞ்சோதி கேள்வியோடு வரவில்லை. கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

மதுரையிலிருந்து விடியற்காலைப் பேருந்து. மடியில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி, தோள்பையில் மூன்று பக்கக் கடிதம். பாளையங்கோட்டையில் இறங்கும்போது மணி ஒன்பதரை. சனிக்கிழமை என்பதால் கல்லூரியில் ஆள் நடமாட்டம் இல்லை. விலங்கியல் துறையின் கடைசி அறையில் மட்டும் விளக்கு எரிந்தது.

அவருடைய பழைய பேராசிரியர் சுகிர்தம் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. அந்த ஓர் அறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கல்லூரிக்கு மனம் வரவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. இளங்கலைப் பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்காகக் கண்ணாடித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா. சாப்பிட்டியா?"

"ஆச்சு மேடம்."

"பொய். இப்ப வந்து இறங்குறவன் எங்க சாப்பிட்டிருப்ப? அலமாரியில பிஸ்கட் இருக்கு. பாக்டீரியா பக்கத்துல வைக்கல, தைரியமா எடு."

பரஞ்சோதிக்கு ஐம்பத்தொரு வயது. ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவர் அறைக்குள் நுழைந்தால் பதினான்கு பேர் எழுந்து நிற்பார்கள். அவரைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்று சொல்ல இனி இவர் ஒருவர்தான் பாக்கி.

பிஸ்கட்டை எடுக்கவில்லை. கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

கடிதம் சுபலட்சுமியைப் பற்றியது. ஐந்து வருடமாக அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். செம்மறியாட்டுக்குக் கண்ணாடிவிரியனின் விஷத்தை மிகச் சிறிய அளவில் ஏற்றினால், அந்த விஷத்தைக் கவ்விப் பிடிக்கிற ஒரு புரதத்தை ஆட்டின் உடம்பு உண்டாக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்து அவள் பாக்டீரியாவுக்குள் வைத்தாள். பாக்டீரியாவே புரதத்தைச் செய்வதாகப் படம் எடுத்துக் காட்டினாள். அது உண்மையானால் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் எந்தப் பாம்பு கடித்தது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். போன மாதம் நிபுணர் குழுவின் முன்னால் சோதித்தபோது புரதம் வரவில்லை. துளிகூட வரவில்லை.

முடிவுகள் இட்டுக்கட்டியவை என்றது கடிதம். அவளுடைய பதிவை ரத்து செய்யப் பரிந்துரைத்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகக் குழு கூடுகிறது. வெளியிலிருந்து ஒரு நிபுணரின் கையெழுத்து தேவை. அது விழுந்துவிட்டால் அந்தப் பெண்ணை வேறு எந்த ஆய்வுக்கூடமும் உள்ளே விடாது.

சுகிர்தம் மூன்று பக்கத்தையும் படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"இந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

"எதுவும் சொல்லல மேடம்."

"நீ கேட்டியா?"

"ஆதாரம் கையில இருக்கும்போது கேக்க என்ன இருக்கு?"

ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பொருள். ஒன்று, சுபலட்சுமி உறைய வைத்திருந்த பாக்டீரியாவின் குழாய். மற்றது, குழுவின் முன்னால் தோற்றுப்போன குடுவை. இரண்டுக்கும் சீல் வைத்திருந்தார்.

"கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னால, முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு. மரபணு எப்படிப் புரதம் ஆகுது?"

"மேடம், பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"சீக்கிரம் சொன்னாப் பிடிச்சிரலாம்."

பரஞ்சோதி பெருமூச்சு விட்டார்.

"டி.என்.ஏ.வுல நாலு எழுத்து. அதிலிருந்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் எடுக்கும். நகலை ரைபோசோம் மூணு மூணு எழுத்தாப் படிக்கும். ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலம். படிக்கப் படிக்க ஒண்ணோட ஒண்ணாக் கோத்துக்கிட்டே போகும். நிறுத்துன்னு ஒரு மூணெழுத்து வரும், அங்க விட்ரும். கோத்த சரம் மடங்கி உருவம் எடுத்தா அதுதான் புரதம்."

"ஆட்டோட எழுத்து பாக்டீரியாவுக்கு எப்படிப் புரியுது?"

"எழுத்து எல்லாத்துக்கும் ஒண்ணுதான மேடம். ஆடு, மனுஷன், பாக்டீரியா."

"இந்தப் புரதம் எனக்கு எதுக்குன்னு ரைபோசோம் கேக்காதா?"

"கேக்காது. முன்னால வச்சதைப் படிக்கும்."

"எதிர்த்துப் பேசாது."

"பேசாது."

"நம்ம கூடத்துல அதுக்கு நல்ல மார்க் விழுந்திருக்கும்."

பரஞ்சோதி சிரித்தார். சுகிர்தம் சிரிக்கவில்லை. எழுந்து போய் நான்கு தட்டுகள் எடுத்து வந்தார். இரண்டில் பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்து கலந்திருந்தது. இரண்டில் இல்லை. குழாயிலிருந்து கம்பியால் தொட்டு, மருந்துத் தட்டில் ஒன்றும் மருந்தில்லாத தட்டில் ஒன்றுமாக இழுத்தார். குடுவையிலிருந்தும் அப்படியே. நான்கையும் இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"நாளைக் காலையில வா. கையெழுத்து அதுக்கப்புறம்."

"இதையெல்லாம் எதுக்கு மேடம் மறுபடி..."

"மறுபடியா? ஏற்கெனவே பார்த்துட்டியா?"

பரஞ்சோதி ஐஸ் பெட்டியை மூடினார். அவர் பார்த்திருக்கவில்லை.

"பஸ் நாளைக்கும் ஓடும்," என்றார் சுகிர்தம்.

ஞாயிறு காலை, முதல் ஆராதனை முடிந்து வெள்ளைச் சேலையோடு நேராக வந்திருந்தார் சுகிர்தம். தட்டுகள் நான்கும் மேசையில் இருந்தன.

சுபலட்சுமியின் குழாயிலிருந்து இழுத்த இரண்டு தட்டும் ஒன்று போல் இருந்தன. மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளை வெள்ளையாக வளர்ந்திருந்தது. குடுவையிலிருந்து இழுத்ததில், மருந்தில்லாத தட்டில் தயிர் பூசியது போல அப்பிக் கிடந்தது. மருந்துத் தட்டில் ஏழே ஏழு புள்ளி.

பரஞ்சோதி அந்தத் தட்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அயல் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் அனுப்ப ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் வேண்டும். வளையத்தை வெட்டி, ஆட்டின் மரபணுவை ஒட்டி, உள்ளே நுழைப்பார்கள். ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணு ஒன்றும் அதே வளையத்தில் இருக்கும். பிறகு, வளர்கிற திரவத்தில் ஆம்பிசிலினை ஊற்றுவார்கள். வளையம் வைத்திருப்பது பிழைக்கும், இல்லாதது சாகும். மருந்து இல்லாத திரவத்தில் வளையம் வெறும் சுமை. ஒன்று இரண்டாகப் பிளக்கும்போது, வளையம் கிடைக்காமல் போனதற்கு வேலை மிச்சம். அது வேகமாகப் பெருகும். மூன்று நாளில் குடுவை முழுக்க அதுதான் இருக்கும்.

"நல்லாத்தான் வளர்ந்திருக்கு," என்றார் சுகிர்தம். "ஆட்டை மறந்துட்டு நல்லா வளர்ந்திருக்கு. குடுவையில யாரு மருந்து ஊத்த மறந்தது?"

"நான்தான் மேடம்."

குடுவைத் திரவத்தை அவரேதான் கலந்தார். சுபலட்சுமியின் படத்தைப் பார்த்த நிபுணர் ஒருவர், நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி பரஞ்சோதியைக் குடைந்தது. அவளைத் தொடவிடாமல் தாமே செய்து காட்ட முடிவு செய்தார். குடுவையைத் தொட்டுப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. கொதிக்கவைத்த திரவம் ஆறிய பிறகுதான் மருந்தை ஊற்ற வேண்டும். சூட்டில் மருந்து கெட்டுவிடும். ஆறுவதற்காகக் காத்திருந்தபோது இயக்குநர் போனில் அழைத்தார். பேசிவிட்டு வந்து, ஊற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை பக்கத்துல இல்லையா?"

இருந்தாள். இப்போது அது கண் முன்னால் வந்தது. நீல மூடி போட்ட மருந்துக் குழாயை உள்ளங்கையில் உருட்டி, உறைந்த மருந்தை உருக்கிக்கொண்டு நின்றாள். சார் என்று ஓர் அடி முன்னால் வந்தாள். எதையோ கலந்துவிடப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார். இந்தக் குடுவை முடிகிறவரை உன் குரல் என் காதில் விழக் கூடாது என்றார்.

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"போன் போடு," என்றார் சுகிர்தம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று பரஞ்சோதி நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

"சுபா, அன்னைக்கு நான் ஆம்பிசிலின் ஊத்தல. நீ பார்த்தியா?"

மறுமுனையில் ஏதோ இயந்திரம் சுற்றி நிற்கிற சத்தம்.

"பார்த்தேன் சார்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்ல வந்தேன் சார்."

"சரி. அதுக்கப்புறம்? ரெண்டு நாள் இருந்ததே."

"அன்னைக்குச் சாயங்காலமே லேப் சாவியை வாங்கிட்டீங்க சார்."

"குழு முன்னால சொல்லியிருக்கலாமே?"

"அத்தனை பெரியவங்க உக்காந்திருக்கும்போது, எங்க சார்தான் மருந்து ஊத்தலன்னு நான் எப்படி சார் சொல்வேன்? தப்பிக்கிறதுக்கு உங்க மேல பழி போடுறேன்னு சொல்லமாட்டாங்களா? நீங்களே சொல்லியிருப்பீங்களே சார்."

பரஞ்சோதி சுவரைப் பார்த்தார்.

"கடிதத்தை மாத்தி எழுதுறேன். தப்பு என்னுதுன்னு எழுதுறேன். நீ திங்கட்கிழமை வா. மறுபடி செய்யலாம். நீயே செய். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"எழுதுங்க சார். ரொம்ப நன்றி சார். நான் வரல."

"ஏன்?"

"சங்கரன்கோவில்ல ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல சேர்ந்துட்டேன் சார். பன்னிரண்டு நாள் ஆகுது."

"அஞ்சு வருஷ உழைப்பு, சுபா."

"ஆமா சார்." கொஞ்சம் நிறுத்தினாள். "போன வாரம் ஒருத்தரோட குழாயில வேற பேரை ஒட்டிட்டேன். நானே போய்ச் சொன்னேன். சரிம்மா, அவரைக் கூப்பிட்டு மறுபடி எடுன்னாங்க. அவ்வளவுதான் சார் சொன்னாங்க. வீட்டுக்குப் போய் அழுதேன்."

பின்னால் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ஆள் வந்திருக்காங்க. வைக்கட்டுமா சார்?"

கேட்டுவிட்டு, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"வைம்மா," என்றார்.

சுகிர்தம் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். பரஞ்சோதி எழுதினார். நான்கு வரிதான் வந்தது. மருந்தை ஊற்றாதது தாம் என்றும், சுபலட்சுமியின் குழாயில் குறை எதுவும் இல்லை என்றும் இருந்தது. சுகிர்தம் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். பழைய மூன்று பக்கத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இனி அவள் பெயருக்குக் களங்கம் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் சங்கரன்கோவிலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பாள்.

புறப்படும் நேரம் வந்தது. பரஞ்சோதி எழவில்லை.

"மருந்து ஊத்தாம குடுவையை மூடாதேன்னு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தீங்க மேடம். எதையும் ரெண்டு தரம் பாருன்னு சொன்னீங்க. சந்தேகம்னா ஆளைக் கேளுன்னு சொன்னீங்க. அதெல்லாம் என்கிட்டேருந்து எப்படி மேடம் போச்சு?"

"வளையத்துல இருந்தது போகும்ப்பா. இங்க இருந்தவரைக்கும் நான் மருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன். வெளியே போனதும் யார் ஊத்துவா?"

"மருந்தா?"

"நான் நடந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே உங்களுக்கெல்லாம் கை நடுங்கும். அதுதான்."

அந்தச் சத்தம் பரஞ்சோதிக்கு இன்னும் நினைவிருந்தது.

"மருந்தே வேண்டாம், ஆனா போகவும் கூடாதுன்னா என்ன பண்ணுவ?"

"குரோமோசோமுக்குள்ளயே சேர்த்துரணும் மேடம். அதோட சொந்த டி.என்.ஏ.வோட. அப்புறம் விட்டுப் போகாது. எத்தனை தலைமுறை பிளந்தாலும் கூடவே போகும்."

சுகிர்தம் தட்டுகளை ஒவ்வொன்றாக மூடினார்.

"பூங்கோதையை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பரஞ்சோதியோடு முதுகலை படித்தவள். தொண்ணூற்றேழில் ஒரு செய்முறை வகுப்பின் நடுவே சுகிர்தம் அவளை எழுப்பி நிறுத்தினார். மறுநாள் முதல் அவள் கல்லூரிக்கு வரவில்லை.

"அன்னைக்கு என்ன பாடம் நடத்திக்கிட்டிருந்தேன்?"

பரஞ்சோதி யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"தெரியல மேடம்."

"அவகிட்ட என்ன சொன்னேன்?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"உன்னால இந்த மேசைக்கே அவமானம். நீ கெடுத்த ஒவ்வொரு தட்டும் வேற ஒரு பிள்ளை செஞ்சிருக்க வேண்டியது..."

குரல் இறங்கியது. போன மாதம் சுபலட்சுமியிடம் சாவியை வாங்கும்போது அவர் சொன்னதும் இதேதான். இதே வரிசையில். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை.

"...கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளியே போ. போகும்போது கதவைச் சத்தமில்லாம சாத்து."

ஒரு சொல் விடுபடவில்லை. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

சுகிர்தம் தம் கைகளைப் பார்த்தார்.

"இது வளையத்துல இல்ல, பரஞ்சோதி," என்றார்.