தவிட்டுக்குருவிகள் ஏழாகத் திரிவது ஏன்

பறவையும் பாம்பும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரைப் புளியமரத்தில் பன்னிரண்டு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. பொதுக்காரியம் எதுவானாலும் காலையில் நடுக்கிளையில் கூடிப் பேசும். எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கும் வழக்கம் மட்டும் கிடையாது. வந்தவர்கள் சொன்னதுதான் முடிவு. சோம்பேறிகளுக்கு வசதியான ஏற்பாடு.

ஒரு மழைநாளில் மூத்தவள் பூவாத்தாவும் அவள் தங்கையும் மட்டுமே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சாரைப்பாம்பு மரமேறி வந்தது.

"ஓணான் உங்க முட்டையைத் திருடுதாமே. கீழ்க்கிளையை எனக்குக் குடுங்க, காவல் இருக்கேன்" என்றது.

பூவாத்தா கெட்டவள் அல்ல. நனைந்துபோய்க் குளிரெடுத்தது, சீக்கிரம் கூட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். "சரி, எடுத்துக்கோ" என்றாள். தங்கையும் தலையாட்டினாள்.

கீழ்க்கிளையில் சிட்டாளின் கூடு இருந்தது. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள்.

விஷயம் தெரிந்ததும் சிட்டாள் அலறிக்கொண்டு மேலே வந்தாள். "ரெண்டு பேர் பேசினா ஊரே பேசினதா ஆயிடுமா அக்கா?"

"நீ ஏண்டி வரல?" என்று கேட்டாள் பூவாத்தா.

போன கூட்டத்துக்கும் சிட்டாள் போகவில்லை.

பாம்புக்கு நிதானம் அதிகம். "பாதிக்கு மேல, ஏழு பேர் வந்து வேண்டாம்னு சொல்லட்டும், இறங்கிடறேன். மழை விடுற வரைக்கும் பொறுக்கறேன்" என்றது. இந்த மழையில் எவள் வரப்போகிறாள் என்ற தைரியம் அதற்கு.

சிட்டாள் கூடு கூடாகப் போய்க் கத்தினாள். "நீ வந்தாத்தான் என் பிள்ளைங்க பிழைக்கும், வாடி." முதலில் ஒருத்தி வந்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே இருவர். ஏற்கெனவே இருந்த மூவரோடு ஆறு பேர். மழை தூறலாகிவிட்டது. பாம்பு கூட்டின் பக்கம் தலையைத் திருப்பியது. சிட்டாள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

அப்போதுதான் தூங்குமூஞ்சி நாச்சி, "மனுசி தூங்க வேண்டாமா? என்னடி கூச்சல்?" என்று திட்டிக்கொண்டே வந்து கிளையில் உட்கார்ந்தாள்.

"ஏழு" என்றாள் பூவாத்தா. தன் தவறைத் திருத்த அவளுக்குத்தான் எல்லாரையும்விட அவசரம். "கீழ்க்கிளை சிட்டாளோடது. பாம்புக்கு வேண்டாம்."

ஏழு பேரும் வேண்டாம் என்றார்கள். தன்னையே பார்த்த ஏழு அலகுகளையும் பாம்பு ஒருமுறை பார்த்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதே உடம்புக்கு நல்லது என்று இறங்கிப் போனது. சிட்டாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விஷயமே தெரியாத குஞ்சுகள் பசிக்கிறதென்று வாயைப் பிளந்தன. அந்தச் சத்தம் அன்று எல்லாருக்குமே இனித்தது.

இத்தனை பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதற்கு நம் சபைகளில் குறைவெண் என்று பெயர். குருவிகள் பெயரெல்லாம் வைக்கவில்லை, பாம்பு வாயால் வந்த எண்ணையே பிடித்துக்கொண்டன. அன்றைக்குத் தொடங்கியதுதான், தவிட்டுக்குருவிகள் ஏழேழாகத் திரிவதும், "நீ வந்துட்டியா, நீ வந்துட்டியா" என்று ஓயாமல் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருப்பதும்.