கொரிய மொழியில் ‘போகாதீங்க’

“கொரிய மொழியில ‘போகாதே’ன்னு எப்படிச் சொல்றது, டீச்சர்?” குலசேகரன் கேட்டார்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கிப் போயிருந்தார்கள். பதினோரு பேர். எல்லோரும் ஒரகடத்துக் கொரியக் கம்பெனிகளில் வேலைக்காகப் படிக்கிறவர்கள். அறுபத்தாறு வயதில் இவர் ஒருவர்தான்.

“அது பத்தொன்பதாம் பாடம், சார். நாம நாலுலதான் இருக்கோம்,” என்றாள் ஜெபக்கனி. அவர் வயதில் பாதிகூட இல்லை அவளுக்கு.

“வெள்ளிக்கிழமை மருமகள் ஊருக்குப் போறா. பேத்தியையும் கூட்டிட்டு. திரும்பி வர டிக்கெட் போடலை.”

அன்று புதன்கிழமை.

மருமகள் ஹேவோன் கொரியாக்காரி. மகன் இறந்து எட்டு மாதமும் நாலு நாளும் ஆகியிருந்தன. இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். அதன்பின் தலையாட்டியே காலம் தள்ளினார்கள். பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

“மருமகளை வா, போன்னு கூப்பிடுவீங்களா? வாங்க, போங்கன்னா? அதுக்கேத்த மாதிரி சொல்லும் மாறும்.”

அவர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“நான் கூப்பிட்டதே இல்லை, டீச்சர். அவன்தான் கூப்பிடுவான்.”

ஜெபக்கனி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மரியாதையாவே வெச்சுக்குவோம். ‘கா’ன்னா போறது. பின்னால ‘ஜி மாசேயோ’. காஜி மாசேயோ, போகாதீங்க. ‘உல்’னா அழறது. உல்ஜி மாசேயோ, அழாதீங்க.”

“அழறது வேண்டாம். அவ அழுதுக்கட்டும். போகாம இருந்தா போதும்.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“நான்தான் உங்க மருமகள். கிளம்பறேன். சொல்லுங்க.”

கதவை நோக்கி நடந்தாள்.

“காசி மாசேயோ.”

“காசிக்கும் போகலை, ராமேஸ்வரத்துக்கும் போகலை, சார். ஜி.”

அவர் திருத்திச் சொன்னார். அவள் நின்றாள்.

மறுபடி கிளம்பினாள். அவர் சொன்னார். அவள் நின்றாள்.

ஒவ்வொரு தடவைக்கும் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஒன்பதாவதில் குரல் நடுக்கம் போயிற்று. பதின்மூன்றாவதில் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது.

பதினான்காவது தடவை அவள் நடந்தாள்.

“காஜி மாசேயோ.”

அவள் நிற்கவில்லை. கதவைத் திறந்தாள்.

“காஜி மாசேயோ.”

செருப்பு மாட்டும் சத்தம். பிறகு படிகள். இருபத்திரண்டு. கீழே இரும்புக் கேட் திறந்து மூடியது.

அவர் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரம் கழித்து ஜெபக்கனி மேலே வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“எங்கே தப்பு பண்ணினேன், டீச்சர்?”

“தப்பே இல்லை, சார். ரெண்டு தடவையும் சரியாத்தான் சொன்னீங்க.”